இருபத்திரண்டாம் நம்பர் கதவு

(பழங்காநத்தத்தில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சங்கச் செயலாளர் என் வகுப்புத் தோழர். "கம்ப்யூட்டரைப் பத்திப் பேசுடா, ஆனா என் வீட்டுக்காரிக்கும் புரியணும்" என்று உத்தரவு போட்டிருக்கிறார். அவருடைய துணைவியார் முன் வரிசையில்தான் இருக்கிறார்கள். புரியாவிட்டால் அவர்களே கையைத் தூக்கலாம்.

நான் 1988-ல் கணிதத்தில் சேர்ந்தவன். கணிப்பொறியை அந்த வருடம் நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நாங்கள் முதலாமாண்டில் கால்குலஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே 1988-ல், நவம்பர் 2-ஆம் தேதி, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ராபர்ட் டாப்பன் மோரிஸ் என்ற மாணவர் ஒரு சின்னப் புரோகிராமை இணையத்தில் விட்டார். அது தன்னைத்தானே பிரதி எடுத்து, ஒரு யூனிக்ஸ் மெஷினிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போனது. அன்றைக்கு இணையத்தில் இருந்ததே சுமார் 60,000 மெஷின்கள்தான். அதில் ஒரு 6,000 சுருண்டு விழுந்தன என்பது அப்போதைய கணிப்பு.

எப்படித் தாவியது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யூனிக்ஸ் மெஷினில் சில புரோகிராம்கள் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த வாட்ச்மேன் மாதிரி எப்போதும் விழித்தே இருக்கும். டீமன் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு வாட்ச்மேனுக்கும் ஒரு கதவு நம்பர் உண்டு. மாட்டுத்தாவணி 1999-ல் வருவதற்கு முன்னால் தெற்கே போகிற பஸ்ஸெல்லாம் நம்ம பழங்காநத்தம் ஸ்டாண்டில்தானே நின்றது? ராத்திரி இரண்டு மணிக்கும் எந்த ஊர்க்காரரும் வந்து இறங்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அந்தக் கதவும் அப்படித்தான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து தட்டலாம். ஃபிங்கர் என்றொரு வாட்ச்மேன் இருந்தார். "இன்னார் உள்ளே இருக்கிறாரா?" என்று கேட்டால் பதில் சொல்வார். கேள்வியை எழுதிக்கொள்ள அவரிடம் இருந்தது 512 எழுத்துக்கு இடம். மோரிஸின் புழு 536 எழுத்தை அனுப்பியது. மிச்சம் 24 எழுத்தும், வாட்ச்மேன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று குறித்து வைத்திருந்த இடத்தின் மேலேயே போய் விழுந்தன. அப்புறம் வாட்ச்மேன் புழு சொன்னபடி ஆடினார்.

அளவு பார்க்காமல் வாங்கிக்கொள்ளும் அந்த வேலையைச் செய்தது சி மொழியில் 'கெட்ஸ்' என்கிற ஒரு ஃபங்ஷன். என் வயதுக்காரர்கள் சிரிக்கிறீர்கள். ஆமாம், டர்போ சி-யில் கெட்ஸ் போட்டுத்தான் நாமெல்லாம் பிராக்டிகல் பாஸ் செய்தோம். 2011-ல் வந்த சி மொழித் தர நிர்ணயத்தில் அதைத் தூக்கியே விட்டார்கள். அதற்குப் பிறகும் அதை எழுதி மார்க் வாங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். அது தனிக் கதை.

மோரிஸ் விஷயத்தில் எனக்கு மறக்காத இடம் வேறு. புழு தான் நினைத்ததைவிட வேகமாகப் பெருகுகிறது என்று தெரிந்ததும் அவர் பதறிப்போய் ஒரு நண்பர் மூலமாக, பெயர் போடாமல், மன்னிப்புக் கேட்டு, இதைத் தடுக்க இன்னின்ன செய்யுங்கள் என்று நெட்வொர்க்கில் ஒரு தகவல் அனுப்பினார். ஆனால் புழுவுக்குப் பயந்து ஆளாளுக்கு இணைப்பைத் துண்டித்துவிட்டதால் அந்தத் தகவல் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. மருந்து எழுதிய சீட்டு தபாலிலேயே கிடந்தது. 1990-ல் அவருக்கு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பிற்பாடு எம்.ஐ.டி.-யில் பேராசிரியரானார். அந்தக் கலவரம் நடந்த அதே மாதத்தில்தான், இப்படி ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வது என்பதற்கென்று கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் செர்ட் என்ற அமைப்பு தொடங்கியது. நம் நாட்டுக்கு செர்ட்-இன் வந்தது 2004-ல்.

இனி என் கதைக்கு வருகிறேன். இதை மேடையில் சொல்வது இதுதான் முதல் தடவை.

2001. மதுரையில் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ரெட்ஹேட் லினக்ஸ் 6.2 போட்ட ஒரே ஒரு மெஷின். மெயிலும் அதுதான், கம்பெனியின் வெப்சைட்டும் அதுதான். ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையில் வெப்சைட்டைத் திறந்தால் எங்கள் கம்பெனிப் பெயரைக் காணோம். ஹேக்கர்களுக்கு நூடுல்ஸ் என்றால் கொள்ளைப் பிரியம் என்கிற தோரணையில் ஒரு வாசகம் நிற்கிறது. ராமென் என்ற புழு. அந்த மாதம்தான் உலகம் பூராவும் கிளம்பியிருந்தது. எஃப்.டி.பி. வாட்ச்மேன், ஸ்டாட்-டி என்கிற இன்னொரு வாட்ச்மேன், இந்த இரண்டு பேரில் யாரையாவது ஏமாற்றித்தான் எங்கள் மெஷினுக்குள் நுழைந்திருக்க வேண்டும். இரண்டு ஓட்டைக்குமே 2000-ஆம் வருடம் நடுவிலேயே அடைப்பு வந்துவிட்டது. ஆறு மாதம் அது நெட்டில் கிடந்தது. நான் எடுத்துப் போடவில்லை. மெயில் ஓடுகிறது, நன்றாக ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணம்.

அன்றைக்கு நான் செய்ததைக் கேளுங்கள். பழைய முகப்புப் பக்கத்தை எடுத்துத் திரும்பப் போட்டேன். சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், ராமென் உள்ளே வந்ததும் தான் வந்த ஓட்டையைத் தானே அடைத்துவிடும், அடுத்தவன் வந்துவிடக் கூடாதாம். அந்த அளவுக்குக்கூட எனக்குப் பொறுப்பு இல்லை. ஆனால் 27374 என்ற புதுக் கதவு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் பிரதியை ஊருக்கெல்லாம் விநியோகம் செய்துகொண்டிருந்தது. மூன்று வாரம் எங்கள் மெஷின் அந்த வேலையைத்தான் பார்த்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து, உங்கள் மெஷின் எங்கள் கதவைத் தட்டுகிறது என்று புகார் வந்த பிறகுதான் மேலிடத்துக்குத் தெரிந்தது. விசாரணை. என் கீழே மூன்று மாதத்துக்கு முன்னால் சேர்ந்த ஒரு பையன் இருந்தான். அந்த வாரம் ஏதோ புதுசாக இன்ஸ்டால் செய்திருந்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். மாசக் கடைசியில் அவனை அனுப்பிவிட்டார்கள்.

எட்டு வருடம் கழித்து மதுரை ஜங்ஷனில் அவனைப் பார்த்தேன். நல்ல வேலையில் இருந்தான். டீ வாங்கிக் கொடுத்து, "தம்பி, அன்னைக்கு நடந்தது என் தப்புப்பா" என்றேன். அவன் சாதாரணமாகச் சொன்னான்: "தெரியும்ணே. லாக்க நானும் பாத்தேன்ல?" ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "மூணு மாசப் பயல் சொன்னா யாருண்ணே நம்புவா?" என்று டம்ளரை வைத்துவிட்டு ரயிலுக்குப் போனான்.

நாலு வருடம் முன்னால் அந்த மாதிரி வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு பழங்காநத்தம் வீட்டிலேயே உட்கார்ந்து, மதுரைச் சுற்று வட்டாரத்தில் சின்னச் சின்ன நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1, திங்கட்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்சம் சாய்ந்த நேரம். க்வாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஓப்பன் எஸ்.எஸ்.எச்.-ல் ஓட்டை. பாஸ்வேர்டு வேண்டாம், உள்ளே ஆள் வேண்டாம், வெளியிலிருந்தபடியே மெஷினின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

தூக்கம் போச்சு. எஸ்.எஸ்.எச். என்றால் என்ன என்பதை மேடம் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். என்னை மாதிரி ஆட்கள் வீட்டிலிருந்தபடியே தூரத்தில் இருக்கும் சர்வருக்குள் போய் வேலை செய்கிற வாசல் அது. கதவு நம்பர் 22. நடுவில் யாரும் பாஸ்வேர்டை ஒட்டுக்கேட்கக் கூடாது என்பதற்காக 1995-ல் பின்லாந்தில் டாட்டு யூலோனன் எழுதியது. அதன் திறந்த வடிவமாக, ஓப்பன்பி.எஸ்.டி. குழுவினர் 1999-ல் கொண்டுவந்ததுதான் ஓப்பன் எஸ்.எஸ்.எச். உலகத்து சர்வர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு இதுதான். பூட்டிலேயே ஓட்டை என்றால் எப்படி இருக்கும்?

ஓட்டை எப்படிப்பட்டது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு கணக்கப்பிள்ளை பேரேட்டில் வரவு எழுதிக்கொண்டிருக்கிறார். வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார், தான் யாரென்று சொல்லாமல். 120 செகண்டு பார்ப்பார்கள். அதற்குள் சொல்லாவிட்டால் மணி அடிக்கும். மணி அடித்த அந்த நொடியே கணக்கப்பிள்ளை பாதி எழுதிய வரியை அப்படியே விட்டுவிட்டு, அதே பேரேட்டில் "இன்னாரை வெளியே அனுப்பினோம்" என்று குறிக்க ஆரம்பிக்கிறார். எப்போதாவது ஒரு தடவை, சரியாக அந்தப் பாதி வரியில் மணி அடித்தால், பேரேடே குழம்பிவிடும். அந்தக் குழப்பத்தில் வாசலில் நிற்பவர் தான் விரும்பியதை எழுதிவிடலாம். ஒரு தடவை முயன்றால் நடக்காது. 32 பிட் டெபியன் மெஷினில் ஆய்வாளர்கள் செய்து பார்த்ததில் சராசரியாகப் பத்தாயிரம் முயற்சி ஆனது. ஒரே நேரத்தில் நூறு பேர் வாசலில் நிற்கலாம் என்பதால், மொத்தத்தில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். ஒரு ராத்திரி போதும்.

இதில் என்னை உறுத்தியது இன்னொன்று. இது புது ஓட்டையே இல்லை. 2006-ல் கண்டுபிடித்து அடைத்ததுதான். 2020 அக்டோபரில் லாக் எழுதும் பகுதியைச் சீர்செய்து எழுதியபோது, அந்த அடைப்பாக இருந்த ஒரு சின்ன வரி தவறிப்போய்விட்டது. 2021 மார்ச்சில் வந்த 8.5 பதிப்பிலிருந்து ஓட்டை மறுபடி திறந்துகொண்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்கிறவர்கள் என்று பெயரெடுத்த குழு அது. அவர்களுக்கே மூன்று வருடம் தெரியவில்லை. வீட்டில் தாத்தா ஜன்னலுக்குக் கீழே ஒரு ஆப்பு அடித்து வைத்திருப்பார். ஏன் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளையடிக்கும்போது பிடுங்கி எறிந்துவிடுவோம். அடுத்த மழைக்குத்தான் தெரியும்.

நான் எழுந்து என் நீளக் கணக்கு நோட்டை எடுத்தேன். 2001-க்குப் பிறகு வந்த பழக்கம் அது. எந்த மெஷின், எங்கே இருக்கிறது, என்ன பதிப்பு, எந்தக் கதவு திறந்திருக்கிறது, ஏன் திறந்திருக்கிறது, எல்லாம் பேனாவில் எழுதியிருக்கும். என் மகள் எக்செலில் போடச் சொல்கிறாள். கரண்டு போனாலும் நோட்டு திறக்கும் என்று சொல்லிவிட்டேன். நோட்டில் பதினாலு மெஷின். உபுண்டு 22.04, டெபியன் 12 இரண்டிலும் ஓட்டை உண்டு. உபுண்டு 20.04-ல் இல்லை, அது 8.2. சென்ட் ஓ.எஸ். 7 போட்ட இரண்டு கிழவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஆதரவுக் காலம் சரியாக முந்தின நாள், ஜூன் 30-ல் முடிந்துபோயிருந்தது. மாற்றுங்கள் என்று நான் ஒரு வருடமாக மன்றாடிக்கொண்டிருந்தவர்கள். பதிப்பு பழசு என்பதால் இந்த ஓட்டை அவர்களுக்கு இல்லை! அவர்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினேன்.

பாதிப்புள்ளவை எட்டு. வேலை எளிதுதான். புதுப் பேக்கேஜை இறக்க வேண்டும், எஸ்.எஸ்.எச். டீமனைத் திரும்ப ஓட்ட வேண்டும். அதைச் செய்வதற்கு முன் இன்னொரு ஜன்னலில் உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் நம்மையே வெளியில் வைத்துப் பூட்டிக்கொள்வோம். பேக்கேஜ் இறங்க நேரமாகும் இடத்தில், அந்த 120 செகண்டு மணியையே நிறுத்திவிடலாம். லாகின் கிரேஸ் டைம் என்ற இடத்தில் சுழி போட்டால் போதும். அப்படிச் செய்தால் வாசலில் சும்மா நிற்பவர்களை அனுப்ப முடியாமல் கூட்டம் அடைத்துக்கொள்ளும், நாமும் உள்ளே போக முடியாமல் ஆகலாம். ஆனாலும் திருடன் வருவதைவிட வாசல் அடைபடுவது தேவலை. சாயங்காலம் ஆறரைக்குள் எட்டும் முடிந்தது. இன்னொரு சள்ளை, அடைப்புப் போட்ட பிறகும் உபுண்டு தன்னை 8.9 என்றுதான் சொல்லிக்கொள்ளும், பழைய பதிப்பிலேயே ஒட்டுப்போட்டுத் தருகிறார்கள். ஒரு வாடிக்கையாளரின் ஆடிட்டர், "இன்னும் ஓட்டைனு ரிப்போர்ட்டு வருதே" என்று ஒரு வாரம் என் உயிரை எடுத்தார்.

கை கழுவிவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். ஏனோ மனசு கேட்கவில்லை. வாடிக்கையாளர்களின் வெளி முகவரிகளையெல்லாம், அவர்கள் ஏற்கெனவே கொடுத்த அனுமதியின்படி, வெளியிலிருந்து ஒரு தடவை தட்டிப் பார்த்தேன். ஒரு ஜவுளிக்கடையின் முகவரியில் 22-ஆம் கதவு திறந்தது. அங்கே அப்படி ஒரு மெஷின் என் நோட்டில் இல்லை.

இரவு ஒன்பதரைக்குக் கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பரணில் துணி மூட்டைக்குப் பின்னால் ஒரு பழைய 32 பிட் பெட்டி, டெபியன் 12. ஆய்வாளர்கள் எதில் செய்து காட்டினார்களோ, அதே ரகம்.

"அண்ணாச்சி, இது யாரு வச்சது?"

"முன்னாடி வந்த பையன் வச்சது தம்பி. பழைய பில்லெல்லாம் அதுலதான் சேருது."

பில் என்றால் வெறும் பில் இல்லை. வாங்குகிறவர்களின் பெயர், போன் நம்பர், பிள்ளைகள் பிறந்த நாள் வரைக்கும் அதில் இருந்தது. மெயின் பில்லிங் சர்வருக்குப் போகும் சாவியும் அதில் இருந்தது. லாக்கைப் பிரித்தேன். நுழையாமல் நேரம் முடிந்து வெளியே அனுப்பியதாக நாற்பது, ஐம்பது வரி. இந்த ஓட்டைக்குள் வர முயன்றால் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டும். நாற்பது, ஐம்பது என்பது தெருநாய் மோந்து பார்ப்பது மாதிரி, எல்லா மெஷினிலும் தினசரி இருப்பது. ஆனால் லாக் நாலு வாரத்துக்குத்தான் இருந்தது. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதற்கு எழுத்தே இல்லை. 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும். உடைப்பு நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அவர்களிடம் சொல்ல வேண்டும்.

அங்கேதான் எனக்கு 2001 வந்து நின்றது. பேக்கேஜைப் போட்டுவிட்டு, "சும்மா பாத்தேன் அண்ணாச்சி, எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பரணிலிருந்து இறங்கியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆடித் தள்ளுபடிக்கு இரண்டு வாரம் இருந்தது. அவர் தலைக்கு மேல் வேலை.

"அண்ணாச்சி, உலகத்துல யார் வேணாலும் இந்தப் பெட்டிக்குள்ள வர்ற மாதிரி இருந்திருக்கு. நான் இதைக் கண்டுபிடிச்சிருக்கணும், கண்டுபிடிக்கல."

"வந்துட்டானா, வரலையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க தம்பி."

"தெரியல."

"தெரியலைனா?"

"இந்த நாலு வாரத்துல வந்த மாதிரி அடையாளம் இல்ல. அதுக்கு முன்னாடி சொல்ல முடியல. வந்திருந்தா எப்படி நடந்துக்குவோமோ, அப்படியே நடந்துக்குவோம்."

அவர் திட்டினார். சபையில் சொல்ல முடியாது. அப்புறம் அவரே கேபிளைப் பிடுங்கினார். பெட்டியில் இருந்ததை அப்படியே ஒரு பிரதி எடுத்துத் தனியாக வைத்தோம். மூன்று நாள் ஆனது, எல்லாச் சாவியும் பாஸ்வேர்டும் மாற்றி, புது மெஷினில் சுத்தமாகப் போட்டு, 22-ஆம் கதவை வெளியுலகத்துக்கு அடைத்து, லாக்கை ஆறு மாதத்துக்குச் சேர்த்து வைக்க. அந்த மூன்று நாளும் கடைப் பையன்கள் கையால் பில் எழுதினார்கள். பிரதியைத் துருவித் துருவிப் பார்த்தேன். எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "எதுவும் நடக்கவில்லை" என்று எழுதிக் கேட்டார், அதை மட்டும் எழுத மறுத்துவிட்டேன். இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தீபாவளிக்குச் சட்டைத்துணி மட்டும் வழக்கம்போல வந்தது.

அந்தப் பெட்டி இப்போது என் நோட்டில் பதினைந்தாவது. எதிரில், ஏன் இருக்கிறது என்ற கட்டத்தில், "பழைய பில்" என்று அண்ணாச்சியே எழுதினார். அதற்குக் கீழே, இனிமேல் எந்தப் பையன் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் முதலில் தம்பிக்கு போன் என்று தன் கைப்பட இன்னொரு வரி. நோட்டை இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பார்க்க விரும்பும் மாணவர்கள் பந்திக்குப் பிறகு வாருங்கள், பாஸ்வேர்டு எதுவும் அதில் இல்லை. செயலாளர் கையைக் காட்டுகிறார், இலை போட்டாயிற்று போலிருக்கிறது.